ஜெல்லி தடவாத டியூப்

எங்கள் கேஷுவாலிட்டியில் ஜெல்லிக்குப் பஞ்சம் கிடையாது. டியூப் வழுக்கிக்கொண்டு இறங்கத் தடவுகிற பசை அது; டிராலியின் மேல்தட்டிலேயே இருக்கும். ஒன்றுக்குப் போக முடியாமல் துடிக்கிறவருக்குக் கதீட்டர் போடும்போது தடவுவோம். மூக்கு வழியாகக் கஞ்சி கொடுக்கும் டியூப் போடும்போது தடவுவோம். பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு வயிற்றைக் கழுவ, வாய் வழியாக விரல் தடிமனில் ஒரு டியூப் இறக்குவோம். அதற்கு மட்டும் தடவக் கூடாது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டத்தைப் போட்டவர் எங்கள் இன்சார்ஜ் கமலா சிஸ்டர்.

“அப்படியே எறக்கு. தொண்டை எரியட்டும். அப்பத்தான் அடுத்த தடவை பாட்டிலைத் தொடும்போது ஞாபகம் வரும்.”

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே மட்டும்தான் அப்படி நடந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். இன்றைக்கு வெள்ளை கோட்டு மாட்டிக்கொண்டு கேஷுவாலிட்டி போஸ்டிங்குக்கு வரும் பிள்ளைகள் என்னிடம், “மேடம், உங்க ஸ்டூடண்ட் லைஃப் எப்படி இருந்துச்சு?” என்று கேட்கிறார்கள். ஜாலியாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாண்டிச்செல்விதான். அதனால் அதையே எழுதுகிறேன்.

காலையில் ஸ்டூடண்ட், மதியம் ‘ஏ புள்ள’

எனக்கு ஊர் கடமலைக்குண்டு. அப்பாவும் அம்மாவும் இலவம்பஞ்சு வியாபாரியிடம் காய் உடைக்கிற வேலை பார்த்தார்கள். சீசனில் வீட்டில் எல்லோருக்கும் இருமல்தான். பிளஸ் டூ முடித்ததும் தேனியில் அந்த ஆஸ்பத்திரியில் பேஷண்ட் கேர் அட்டெண்டராகச் சேர்ந்தேன். பெட்பேன் எடுப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் துடைத்துவிடுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போவது. வேலை எனக்குப் பிடித்திருந்தது. வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே மேல்மாடியில் நர்சிங் ஸ்கூல் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டர்தான் அதற்கும் கரஸ்பாண்டன்ட். நான் நேரே அவரிடம் போய் எனக்கும் ஒரு சீட் வேண்டும் என்று கேட்டேன்.

“படி. யாரு வேணாம்னா? ஆனா டூட்டி குறையக் கூடாது.”

அப்படியே நடந்தது. காலையில் மாடியில் வகுப்பு. மதியம் கீழே கேஷுவாலிட்டியில் டூட்டி. மற்ற மாணவிகள் கிளினிக்கல் போஸ்டிங் என்று வருவார்கள், நேரம் முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போவார்கள். நான் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஸ்டோர் ரூமில் வெள்ளை யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு, அட்டெண்டரின் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வருவேன். காலையில் வெள்ளையில் பார்த்தால் கமலா சிஸ்டர் என்னை “முருகேஸ்வரி” என்று கூப்பிடுவார். மதியம் பச்சையில் பார்த்தால் “ஏ புள்ள”. ஆள் ஒன்றுதான். சேலை மாறியதும் மரியாதை மாறிவிடும்.

எதற்கு வாய் திறந்தாலும் ஒரே பதில்தான் வரும். லீவு கேட்டால், “படிக்க விடுறோம்ல?” பரீட்சைக்கு முந்தின நாள் டூட்டியை மாற்றித் தரச் சொன்னால், “படிக்க விடுறோம்ல?” ஏதோ அவர்கள் வீட்டுப் பரணில் இருந்த படிப்பை இறக்கி எனக்குத் தானம் கொடுத்த மாதிரி. மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை நான் ஒருத்தி பார்த்ததை யாரும் தானம் என்று சொல்லவில்லை.

போர்டில் ஒன்று, பெட்டில் ஒன்று

வயிறு கழுவும் பாடத்தை ட்யூட்டர் மேடம் போர்டில் அழகாக எழுதிப்போட்டார். நோயாளிக்கு என்ன செய்யப்போகிறோம் என்று விளக்க வேண்டும். ஸ்கிரீன் மறைக்க வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைத் தாழ்த்த வேண்டும். டியூபில் ஜெல்லி தடவ வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் உத்தமபாளையத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். மெஹருன்னிஸா. அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு அவள்தான் எழுந்து கேட்டாள்.

“மேடம், கேஷுவாலிட்டில ஜெல்லி போட மாட்டேங்கிறாகளே?”

“பரீட்சைக்கு இப்படி எழுது. அங்கன கமலா சிஸ்டர் சொல்றபடி செய்யி.”

மேடம் சிரிக்கக்கூட இல்லை. இரண்டும் இருக்க வேண்டியதுதான் என்பது போலச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் பருத்திக்கும் திராட்சைக்கும் மருந்து அடிக்காத வீடு குறைவு. பாட்டில் வீட்டுச் சுவர் மாடத்திலேயே இருக்கும். ஒரு சண்டை, ஒரு அவமானம், ஒரு நிமிட ஆத்திரம் போதும். வருசநாட்டுப் பக்கமிருந்து ஜீப்பிலும் டெம்போவிலும் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்ததும் கையைப் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டுவோம். கதவு திறந்தே கிடக்கும். வாட்ச்மேனிலிருந்து கேண்டீன்காரர் வரை எட்டிப் பார்ப்பார்கள். டியூப் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்போதே விசாரணை தொடங்கிவிடும். “புருஷன் அடிச்சானா? இல்ல நீ ஏதும் பண்ணியா? யாரு அவன்?” வாயில் டியூபை வைத்துக்கொண்டு எப்படிப் பதில் சொல்வது? பதில் யாருக்கு வேண்டும்?

அதே அறைக்கு, குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் விழுந்து மண்டை உடைந்த ஆண்களும் வருவார்கள். சாராய நாற்றம் வாசலிலேயே அடிக்கும். அவர்களுக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் தையல் போடுவோம். “வலிக்கட்டும், அப்பத்தான் அடுத்த தடவை குடிக்க மாட்டான்” என்று ஒருநாளும் ஒருவரும் சொன்னதில்லை. “சார், கொஞ்சம் பொறுத்துக்கங்க சார்” என்றுதான் சொன்னோம்.

மயிலாடும்பாறை ஜீப்

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. ஒரு ஜீப் வந்து நின்றது. பின்சீட்டில் வயதான ஒரு அம்மா, மடியில் ஒரு இளம்பெண்ணின் தலை. வாயில் நுரை, சேலையெல்லாம் மருந்து வாடை.

“என் மருமகம்மா. பருத்தி மருந்தக் குடிச்சுட்டா. பேத்தி மத்தியானச் சோத்துக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாத்துட்டுத்தான் ஓடியாந்து சொன்னா. எப்பக் குடிச்சான்னே தெரியல” என்று அந்த அம்மா அழுதார். மயிலாடும்பாறைப் பக்கத்து ஊர். மகன் வேலைக்கு வெளியூர் போயிருந்தான். அக்கம்பக்கத்தில் ஜீப் பிடித்துத் தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். இப்படிப்பட்ட கேஸ்களில் மாமியார் என்றாலே ஊர் வேறு விதமாகப் பேசும். இந்த மாமியார் மருமகளின் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

கமலா சிஸ்டர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும், “இவளா? போன வருசம் வந்தவதான். பாரு, புத்தி வரல” என்றார்.

அவள்தான் பாண்டிச்செல்வி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். அரை மயக்கத்தில் இருந்தாள். ஆனால் டிராலி உருளும் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்தாள். டியூபைப் பார்த்தாள். பல்லை இறுகக் கடித்துக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள்.

“திட்டாதீகம்மா, பயப்படுறா” என்றார் மாமியார்.

“அப்ப நீ போடு டியூப்ப” என்றார் சிஸ்டர்.

அன்றைக்குப் பச்சைச் சேலையில் டிரே பிடித்துக்கொண்டு நின்றவள் நான். போஸ்டிங்குக்கு வந்த மெஹருன்னிஸா எனக்கு எதிரே நின்றாள். நான் ஸ்கிரீனை இழுத்து மறைத்தேன். ஜெல்லியைப் பிதுக்கி டியூபின் நுனியில் நன்றாகத் தடவி சிஸ்டரிடம் நீட்டினேன்.

“யாரு தடவச் சொன்னா?”

“புத்தகத்துல அப்படித்தான் சிஸ்டர் இருக்கு.”

“புத்தகம் மாடியில இருக்கு. இது கேஷுவாலிட்டி.”

சொல்லிவிட்டு ஒரு காஸ் துணியை எடுத்தார். நான் தடவிய ஜெல்லியை மேலிருந்து கீழாக வழித்துத் துடைத்தார். நிதானமாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல். உயிர் போய்க்கொண்டிருக்கும் ஒருத்திக்கு முன்னால் அதைச் செய்ய அவருக்கு நேரம் இருந்தது. அதற்குப் பிறகு டியூபை இறக்கினார்.

நான் பாண்டிச்செல்வியின் காதுப் பக்கம் குனிந்து, “முழுங்குக்கா, முழுங்கு, சீக்கிரம் முடிஞ்சிரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

டூட்டி டாக்டர் செந்தில் உள்ளே வந்தார். இளம் டாக்டர். விஷத்தை முறிக்கிற அட்ரோபின் ஊசிக்கு ஆர்டர் போட்டார், கண் பாப்பாவைப் பார்த்தார், மளமளவென்று எல்லாம் செய்தார். ஜெல்லியைத் துடைத்துத் தரையில் போட்ட துணியையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. செந்தில் டாக்டர் நல்லவர். அந்த அறையில் நல்லவர்களுக்குக் குறைவே இல்லை.

வாசல் வரைக்கும்

அட்ரோபின் ஏறினால் சிலருக்குப் புத்தி தடுமாறும். பாண்டிச்செல்வி அன்று முழுக்க எதை எதையோ பிடிக்கக் கையை நீட்டினாள். மறுநாள் தெளிந்துவிட்டாள். நான் அவளுக்கு உடம்பு துடைத்துவிடப் போனேன். உதட்டோரம் காய்ந்து ரத்தம் கட்டியிருந்தது.

“சிஸ்டர்…”

“நான் சிஸ்டர் இல்லக்கா. அட்டெண்டர். படிச்சுக்கிட்டிருக்கேன்.”

“நீதான தங்கச்சி காதுல பேசுன?”

ஏன் குடித்தாள் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. அவளாக என்னிடம் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவளை இன்னொரு தடவை கூட்டத்துக்கு நடுவில் படுக்கவைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவள் சொன்ன இன்னொன்றை எழுதியே ஆக வேண்டும்.

“குடிச்ச ஒடனே வேணாம்னு ஆயிருச்சு தங்கச்சி. பெரியவ பள்ளிக்கூடம் விட்டு வருவாளே, வந்து யாரைத் தேடுவான்னு இருந்துச்சு. எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்துட்டேன். எங்க அத்த பக்கத்து வீட்லதான் இருந்தாக. ஒரு சத்தம் குடுத்தா வந்துருப்பாக.”

“அப்புறம் ஏன்க்கா கூப்பிடல?”

“இங்கன கொண்டாருவாகளே.” சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “போன தடவை நானாத்தான் ஓடிப்போயி அத்தகிட்டச் சொன்னேன். அப்பக் கொண்டாந்து போட்டுச் சுத்தி நின்னுக்கிட்டு என்னென்ன கேட்டாக. அந்த டியூப்பு… அந்தச் சிரிப்பு… வாசல்ல நிக்கயில அம்புட்டும் ஞாபகம் வந்துருச்சு. அதுக்கு இங்கனயே கெடந்துரலாம்னு திரும்பிப்போயிப் படுத்துட்டேன்.”

ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். கமலா சிஸ்டர் சொன்னது பலித்துவிட்டது. ஞாபகம் வந்தது. ஆனால் பாட்டிலைத் தொடும்போது வரவில்லை. பிழைக்க வேண்டும் என்று வாசலுக்கு வந்தபோது வந்தது. நாங்கள் அவளைப் பயமுறுத்தி விரட்டியது விஷத்திடமிருந்து அல்ல, ஆஸ்பத்திரியிடமிருந்து.

அன்றைக்கே செந்தில் டாக்டரிடம் இதைச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். “பாவம்” என்றார். அவ்வளவுதான்.

‘நடிக்கிறா’

அதற்கு அடுத்த நாள் மாமியார் டம்ளரில் தண்ணீர் கொடுத்தபோது பாண்டிச்செல்வியால் தலையைத் தூக்க முடியவில்லை. “அத்த, கழுத்து நிக்க மாட்டேங்குது” என்றாள். குரல் மூக்கில் வந்தது.

மாமியார் ஓடிப்போய்க் கமலா சிஸ்டரிடம் சொன்னார். சிஸ்டர் கட்டில் பக்கம்கூட வரவில்லை.

“நாளைக்கு டிஸ்சார்ஜ்னு சொன்னோம்ல. வீட்டுக்குப் போக மனசில்ல. நடிக்கிறா.”

“நடிக்கலம்மா. தலை தொங்குதும்மா.”

“எனக்குத் தெரியாததா? இதுக எத்தனை டிராமாவப் பாத்திருக்கேன்.”

மருந்து குடித்து வந்தவள் என்ற பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அவள் சொல்வது எதுவும் நோயாளி சொல்வதாகக் காதில் விழாது. நெஞ்சு வலித்தாலும் நாடகம், மூச்சு முட்டினாலும் நாடகம். கண்ணுக்கு முன்னால் இதைப் பார்த்தேன்.

நான் யாரிடமும் கேட்காமல் வார்டை விட்டு ஓபிக்கு ஓடினேன். செந்தில் டாக்டருக்கு முன்னால் நோயாளிகள் வரிசையில் இருந்தார்கள். “சார், பாண்டிச்செல்விக்குக் கழுத்து நிக்கலையாம் சார்” என்றதுதான் தாமதம், ஸ்டெதஸ்கோப்பைக்கூட எடுக்காமல் எழுந்து ஓடிவந்தார். தலையைத் தூக்கச் சொன்னார். முடியவில்லை. இந்த வகை விஷத்தில் தெளிந்த பிறகு இரண்டாவதாக ஒரு ஆபத்து உண்டு, மூச்சு விடுகிற தசைகளே ஓய்ந்துபோகும் என்று போகிற போக்கில் சொல்லிக்கொண்டே மூச்சுக்குழாயில் டியூப் போட்டார். எங்களிடம் வெண்டிலேட்டர் கிடையாது. மதுரைக்கு அனுப்ப வேண்டும்.

ஆம்புலன்சில் ஒரு ஸ்டாஃப் நர்சும் நானும் போனோம். மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பேகை அமுக்கியது நான். ஆண்டிபட்டி தாண்டி, உசிலம்பட்டி தாண்டி, மதுரை வரை அவள் விட்ட மூச்செல்லாம் என் இரண்டு கையிலிருந்து போனதுதான். மாமியார் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, “விட்றாதத்தா, விட்றாதத்தா” என்றார். அது என்னிடம் சொன்னதா மருமகளிடம் சொன்னதா தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினில் போடும் வரை நான் விடவில்லை.

சில நாட்கள் கழித்து அந்த அம்மா எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். தலைமுடியை அள்ளி முடியாமல், கையில் ஒன்றுமில்லாமல். என்னைப் பார்த்ததும், “போயிருச்சுத்தா” என்றார்.

பிறகு ஒன்று கேட்டார். “கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பான்னு மதுரையில டாக்டரு சொன்னாரு. அன்னிக்கிப் பக்கத்து வீட்ல வெட்டிக்கதை பேசிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். ஒரு எட்டு வந்து பாத்திருக்கக் கூடாதாத்தா நானு? நாந்தான கொன்னுட்டேன்?”

“இல்லம்மா. உங்க மேல தப்பே இல்ல. எங்க மேலதான்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் ஏதோ ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தடவிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

எங்கள் பாவத்தை அந்தக் கிழவி சுமந்துகொண்டு மயிலாடும்பாறைக்குப் போகிறாள். இங்கே கமலா சிஸ்டர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். இதை என்னால் தாங்க முடியவில்லை.

கேஸ் பிரசன்டேஷன்

மாதம் ஒருமுறை ஒரு மாணவி தான் கவனித்த நோயாளியைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். என் முறை வந்தபோது பாண்டிச்செல்வியை எடுத்துக்கொண்டேன். பெரிய டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ட்யூட்டர் மேடம், கீழேயிருந்து வந்த ஸ்டாஃப், பின்னால் கதவோரம் கமலா சிஸ்டர்.

முதலில் விதிப்படி எல்லாம் சொன்னேன். விஷத்தின் வகை, அறிகுறிகள், கொடுத்த மருந்து. கடைசியில், “நோயாளி சிகிச்சைக்குத் தாமதமாக வந்ததற்குக் காரணம், முதல் முறை இதே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நாம் அவரை நடத்திய விதம். இதை அவரே என்னிடம் சொன்னார்” என்றேன். டியூபில் தடவிய ஜெல்லியைத் துடைத்ததையும் சொன்னேன்.

“பொய்!” என்றார் கமலா சிஸ்டர்.

பெரிய டாக்டர் எழுந்தார். “ஒனக்குச் சோறு போடுற எடம்மா இது. படிக்கவும் விட்டா இங்கயே நின்னு ஆஸ்பத்திரி மானத்த வாங்குறியா? எத்தனை உயிரக் காப்பாத்துறோம் தெரியுமா?”

“காப்பாத்துறோம் சார். காப்பாத்துறப்ப ஏன் சார் தண்டிக்கணும்? நாம என்ன போலீஸா?”

கமலா சிஸ்டர் முன்னால் வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. “நாங்க மட்டும் கல்லா? வயசுப் பிள்ளைக ஒண்ணொண்ணாக் கண்ணு முன்னாடி சாகுறத வருசக்கணக்காப் பாத்துட்டிருக்கேன். ஒருத்தியாவது பயந்துபோயித் திருந்த மாட்டாளான்னுதான் அப்படிச் செஞ்சேன். எனக்கென்ன ஆசையா?” என்றபோது குரல் உடைந்துவிட்டது.

அது நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் அந்த வேலையில் தேய்ந்துபோனவர். ஆனால் அவருக்கு வந்த அழுகைக்கு அங்கே இருந்த எல்லோரும் இரக்கப்பட்டார்கள். பாண்டிச்செல்விக்கு அதில் கால்வாசி கிடைத்திருந்தால் அவள் வாசலிலிருந்து திரும்பிப் போயிருக்க மாட்டாள்.

“துடைச்சதை வேற யாராச்சும் பாத்தீங்களா?” என்று பெரிய டாக்டர் கேட்டார். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் கேட்ட மாதிரி இருந்தது.

மெஹருன்னிஸா எழுந்தாள். விரல்கள் கோட்டின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தன. “நான் பாத்தேன் சார். முருகேஸ்வரி தடவுனா. சிஸ்டர் துடைச்சாக.”

சொல்லிவிட்டு உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். படிப்பு முடிகிற வரை அவளுக்கு இன்டர்னல் மார்க்கில் கை வைத்தார்கள். ஒருநாள்கூட என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சலவை அறை

மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். நோயாளிகள் பக்கம் போகக் கூடாது என்று சலவை அறைக்கு மாற்றினார்கள். ரத்தக்கறை, மலக்கறை படிந்த விரிப்புகளைப் பிரித்து ஊறவைக்கும் வேலை. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வராது என்றார்கள். கடமலைக்குண்டிலிருந்து அப்பாவை வரவழைத்தார்கள்.

அப்பா பெரிய டாக்டர் அறையில் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. காலில் விழுந்துவிடுவாரோ என்று. பெரிய டாக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

“எம் மக சொன்னது பொய்யா சார்?”

“பொய்யா நெசமாங்கிறது இல்ல இப்ப விஷயம்…”

“அப்ப நெசந்தான்” என்றார் அப்பா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் என்னிடம், “நல்லாப் படி” என்றார். இருமிக்கொண்டே பஸ் ஏறினார்.

கடைசியில் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. புதிய ஸ்கூலுக்கு ரிசல்ட் வேண்டும், வகுப்பில் நன்றாக மார்க் வாங்குகிறவளை நிறுத்திவைத்தால் அவர்களுக்குத்தான் நஷ்டம். துணி ஊறவைக்கும் தொட்டியின் மேல் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்தேன். பாஸ் செய்தேன். ரிசல்ட் வந்த அன்றைக்கு விளம்பரப் பலகையில் என் போட்டோவையும் போட்டார்கள். எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். எடுக்கவில்லை.

மெஹருன்னிஸா ஒரு விஷயம் சொன்னாள். அதற்குப் பிறகு மருந்து குடித்த கேஸ் வந்தால் செந்தில் டாக்டரே தலைமாட்டில் வந்து நின்றாராம். ஜெல்லியை அவரே தடவினாராம். பெரிதாகப் பேச்சு எதுவும் இல்லையாம். சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கை முதல் நாளே நீண்டிருந்தால் என்ன என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

இரண்டே கேள்வி

சில வருடம் அங்கும் இங்கும் வேலை பார்த்தபின் எங்கள் மாவட்டத்திலேயே ஒரு அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. கேஷுவாலிட்டிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். என்னோடு வேலை பார்த்தவர்களிடம் நான் சொன்னது கொஞ்சம்தான். மருந்து குடித்து வருகிறவர்களிடம் கேட்க இரண்டே கேள்வி உண்டு: என்ன குடிச்சீங்க, எப்பக் குடிச்சீங்க. ஏன் குடிச்சீங்க என்பது பிழைத்த பிறகு, அவர் விரும்பினால், தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டியது. கதவைச் சாத்து. ஸ்கிரீனைப் போடு. வேடிக்கை பார்க்கிறவன் யாராக இருந்தாலும் வெளியே அனுப்பு.

இதைச் சொன்னதற்கு என்னை ‘சட்டக்காரி’ என்று கேலி செய்தார்கள். “செல்லம் குடுத்தா இன்னும் நெறையப் பேரு குடிப்பாளுக” என்று ஒரு சீனியர் சொன்னார். நான் சத்தம் போட்டுத்தான் பதில் சொன்னேன். கோபப்படக் கூடாது, பொறுமை வேண்டும் என்று நர்சுகளுக்குத்தான் எப்போதும் போதிப்பார்கள். நோயாளியிடம் பொறுமையாக இருங்கள். நோயாளியை அவமானப்படுத்துகிறவர்களிடம் பொறுமை காட்டாதீர்கள். நான் இந்த வேலையில் கற்றது இதுதான்.

இரண்டாயிரத்துப் பத்து நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஒரு காலை நேரம், ஓபி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் தனியாகக் கேஷுவாலிட்டிக்குள் வந்தாள். கூட ஆள் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. வாசல்படியிலேயே நின்று என்னைப் பார்த்தாள்.

“சிஸ்டர், மருந்தக் குடிச்சுட்டேன்.”

கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து படுக்கவைத்தேன். “என்ன மருந்து? எப்பம்மா குடிச்ச?”

பெயரைச் சொன்னாள். “இப்பத்தான் சிஸ்டர். குடிச்ச ஒடனே பயமாயிருச்சு. ரோட்டுக்கு ஓடியாந்து வந்த பஸ்ல ஏறிட்டேன்.”

“வீட்ல யாருகிட்டயும் சொல்லலையா?”

“இல்ல. எங்க ஊருப் பிள்ளை ஒண்ணு முன்னாடி இங்கன வந்து பொழச்சுச்சு. அதுதான் சொல்லுச்சு.” மூச்சு வாங்கியது. “அங்கன போனா திட்ட மாட்டாகன்னு.”

டிராலியைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். ஸ்கிரீனை மறைத்தேன். நேரத்தோடு வந்திருந்தாள். பிழைத்துக்கொண்டாள்.